எஞ்சினுக்குப் பின்னால் ஒரு சென்சார்

வெள்ளி, காலை 8:10

பதிவு: மரகதவல்லி, பாறை ஆய்வாளர், வடசரிவு நிலையம், செவ்வாய். வண்டி எண் இரண்டு.

மேற்குப் பள்ளத்தில் நட்டிருந்த நில அதிர்வுக் கருவிகளைப் பிடுங்கி ஏற்றியாயிற்று. பாறை மாதிரிகளும் ஏறிவிட்டன. வானம் தெளிவு. எஞ்சின் சத்தம் சீராக இருக்கிறது. மாலைக்குள் நிலையம் சேர்ந்துவிடுவேன்.

நாளை மாலை கப்பல் புறப்படுகிறது. நாங்கள் மூன்று பேர்: குழுத் தலைவி நஸ்ரீன், மெக்கானிக்கும் ரேடியோ பொறுப்பாளருமான லூர்துராஜ், நான். நிலையத்தை மூடிவிட்டுப் பூமிக்குத் திரும்புகிறோம். பூமியோடு பேசும் பெரிய ஆண்டெனாவைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வண்டி ரேடியோ நிலையம் வரைக்கும்தான் எட்டும். நிலையத்து ரேடியோ கப்பல் வரைக்கும்.

வெள்ளி, பகல் 12:40

எஞ்சின் நின்றுவிட்டது. திணறல் இல்லை, இருமல் இல்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் நின்றது. ஆறவிட்டேன், கிளம்பியது. சூடேறியதும் மறுபடி நின்றது.

இது கிராங்க் சென்சாரின் குணம். எஞ்சின் தண்டு எப்படிச் சுழல்கிறது என்று கணினிக்குச் சொல்கிற, விரல் நீளப் பொருள். அது பேசாவிட்டால் கணினி தீப்பொறி கொடுக்காது. பூமியில் ஆய்வுத்துறையின் ஓட்டை ஜீப்பில் இதே தொல்லையைப் பட்டிருக்கிறேன்.

லூர்துவைக் கூப்பிட்டேன். அவன் சொன்னது:

"சென்சாரா இருக்காதுக்கா. போன சர்வீஸ்ல நான்தான புதுசு மாட்டுனேன்! ஃபியூவல் பம்ப்தான் மக்கர் பண்ணுது. பின்னால கழத்திப் பாருங்க. சென்சார் பக்கம் போயிராதீய. சீட்டுக்குப் பின்னால இருக்க தகட்டத் தொறந்தா திரும்ப அடைக்க முடியாது, எஞ்சின் புகை பூரா உள்ள வந்துரும்."

இன்னொரு வண்டியை அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"அது கப்பலுக்குச் சாமான் ஏத்திட்டு இருக்குக்கா. பம்ப் சின்ன வேலதான? நீங்களே முடிச்சிருவீய."

சரிதான். அவன் மாட்டியது புதிது என்றால் புதிதுதான். பம்பைப் பார்க்கிறேன்.

வெள்ளி, மாலை 5:30

பம்ப் நன்றாக இருக்கிறது. அதைக் கழற்ற, ஏற்றிய மாதிரிகளை எல்லாம் இறக்கி, விண்வெளி உடுப்பு மாட்டிக்கொண்டு மண்ணில் மல்லாந்து கிடந்து, பகல் முழுக்கப் போய்விட்டது. மாட்டியபின் எஞ்சின் கிளம்பியது, சூடானதும் நின்றது.

இந்தப் பழைய மாடல் வண்டியில் எஞ்சின் எரிக்கும் ஆக்சிஜனும் நான் மூச்சுவிடும் ஆக்சிஜனும் ஒரே டேங்கில் இருக்கின்றன. ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும் என் மூச்சில் கொஞ்சம் எரிகிறது. முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

லூர்து இப்போது ஒயரிங்கைப் பார்க்கச் சொல்கிறான். அவன் குரல் சரியில்லை. எனக்காகப் பதறுகிறான் என்று நினைக்கிறேன். வந்த புதிதில், முதல் புழுதிப் புயலின்போது, நடுக்கம் வந்து அலமாரிக்குள் போய் ஒடுங்கிக்கொண்டான். புயல் ஓயும்வரை கையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நஸ்ரீனிடம் நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து "கூடப்பொறந்த அக்கா" என்றுதான் என்னைச் சொல்வான்.

சனி, காலை 6:20

ஒயரிங்கிலும் பழுதில்லை. இனி அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க ஆக்சிஜன் இல்லை. தகட்டைத் திறக்கப்போகிறேன்.

எஞ்சின் சூடு வீணாகக்கூடாது என்று இந்த வண்டிகளில் எஞ்சினை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், காற்றடைத்த பெட்டியில் வைத்தார்கள். சென்சார் அதற்கும் பின்னால், எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே. கண்ணால் பார்க்க வழியே கிடையாது. கைதான் போக வேண்டும்.

சனி, காலை 8:45

இருக்கையைக் கழற்றினேன். தகட்டைக் கழற்றினேன். தோள்வரை கையை விட்டுத் தடவினேன். போல்ட் கிடைத்தது. ஸ்பேனர் அரைத் திருப்புக்கு மேல் போகவில்லை. எடுத்து எடுத்து வைத்துத் திருப்பினேன். மணிக்கட்டுத் தோல் உரிந்துவிட்டது.

சென்சார் இப்போது என் மடியில் இருக்கிறது. பழசு. தொழிற்சாலையில் போல்ட்டின்மேல் பூசிய மஞ்சள் பெயின்ட், நான் உடைக்கும்வரை உடையாமல் இருந்தது. பிளாஸ்டிக் பிஸ்கட்டாக நொறுங்குகிறது. இந்த இடத்தை யாரும் தொட்டதே இல்லை.

சனி, காலை 9:10

லூர்துவிடம் சொன்னேன்: "என் கையில இருக்கிறது பழைய சென்சார். நீ மாத்தவே இல்ல."

பிறகு:

"என் வண்டியும் அப்பிடித்தான் நின்னுச்சுக்கா. சரக்குல ஒரே ஒரு புதுசுதான் கெடந்துச்சு. பயமா இருந்துச்சு, எனக்கு மாட்டிக்கிட்டேன். உங்களது இன்னும் ஒரு நடை தாங்கும்னு நெனச்சேன்."

"அத நேத்தே சொல்லியிருந்தா நேத்தே நான் கழட்டியிருப்பேனே? பம்பக் கழட்டச் சொன்ன. ஒயரப் பாக்கச் சொன்ன."

"சொன்னா நஸ்ரீன் மேடத்துக்குத் தெரிஞ்சிருமே... அக்கா, மேடத்துட்ட சொல்லிருவீயளா?"

ஆமாம் என்றேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவன் தொடர்பைத் துண்டித்துவிட்டான்.

சனி, பகல் 12:15

ஓடுகிறது.

பின்பக்க இடது சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாருக்குள்ளும் இதேபோல் காந்தமும் கம்பிச்சுருளும்தான் இருக்கின்றன. அதைக் கழற்றினேன். கொஞ்சம் நீளம், அப்படியே மாட்டினால் பல்சக்கரத்தில் உரசும். மாதிரிப் பெட்டியின் மூடியை வெட்டி வளையம் செய்து அடியில் கொடுத்தேன். போல்ட் இரண்டு முறை கை நழுவி விழுந்தது. அழுதேன். மூன்றாம் முறை பிடித்தது.

தகடு அடைபடவில்லை. அவன் அதில் மட்டும் பொய் சொல்லவில்லை. புகை வருகிறது, தலை வலிக்கிறது. ஓட்டுகிறேன்.

நிலையத்தை அழைத்துக்கொண்டே வருகிறேன். யாரும் எடுக்கவில்லை.

சனி, பிற்பகல் 2:50

கப்பலில் இருக்கும் நஸ்ரீனும் நிலையத்தில் இருக்கும் லூர்துவும் பொது அலைவரிசையில் பேசுவது நிலையம் வழியாக எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவர்களுக்குப் போகவில்லை. நிலையத்தில் என் அலைவரிசையை அவன் மூடியிருக்கிறான்.

நஸ்ரீன்: "கடைசியா எப்போ பேசினா?"

லூர்து: "காலைலதான் மேடம். மூச்சு முட்டுதுன்னு சொன்னாங்க. அப்புறம் சத்தமே இல்ல."

நஸ்ரீன்: "நான் போய்ப் பார்க்கிறேன். வண்டியை எடு."

லூர்து: "போய்த் திரும்புறதுக்குள்ள நேரம் தாண்டிரும் மேடம். நாமளும் இங்கயே கெடக்க வேண்டியதுதான். அக்கா போயிட்டாங்க."

அழுதான். நிஜமாகவே அழுதான். எனக்காக ஜெபம் சொன்னான். நஸ்ரீன் "ஆமென்" என்றாள். கேட்டுக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

சனி, மாலை 4:40

நிலையம். ஆள் இல்லை. அவர்களுடைய சக்கரத் தடம் கப்பல் பக்கம் போகிறது. துரத்திப் பிடிக்க நேரமில்லை, டேங்கும் காலி. ரேடியோ அறைக்கு ஓடினேன்.

சனி, மாலை 5:05

கப்பல் எழும்பிவிட்டது. ஜன்னலில் பார்த்தேன். எத்தனையோ முறை அழைத்ததில் கடைசி அழைப்பு மட்டும் கப்பலுக்குள் போயிருக்கிறது. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுகிறேன்.

நான்: "மேடம், நான் மரகதம். நிலையத்துல இருக்கேன். உயிரோட இருக்கேன்."

நஸ்ரீன்: "லூர்து! அது மரகதம் குரல்தானே?"

லூர்து: "பழைய பதிவு மேடம். சோதனைக்கு எடுத்து வச்சது. மிஷின் தானா ஓட்டுது."

நான்: "மேடம், அவன் பொய் சொல்றான்! ஏதாவது கேளுங்க, பதில் சொல்றேன்!"

இது போனதா என்று தெரியவில்லை. நஸ்ரீன் அழுதது மட்டும் கேட்டது: "அணைச்சிரு. என்னால கேக்க முடியல."

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் மட்டும் வந்தது. மிகத் தாழ்வாக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி.

"யக்கா. சாப்பாடு பின்கட்டு அறையில வச்சிருக்கேன். அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் தாங்கும். நிலையத்து ஆக்சிஜன் மிஷின மேடம் அணைக்கச் சொன்னாங்க. நான் அணைக்கல."

அவ்வளவுதான். அலைவரிசை செத்துவிட்டது.

காது கொடுத்துக் கேட்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வந்து சேருவேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஜெபம் சொல்லும்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தே என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.