போல்ட்டா, ஸ்டட்டா

மார்ச் 3, செவ்வாய்

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்து நாலு நாளாகிறது. மூன்றாவது, நாலாவது சிலிண்டர்களுக்கு நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கட் கருகிக் கிடக்கிறது. டர்போ திணித்த அழுத்தத்தில் ஹெட் ஒரு மயிரிழை தூக்கியிருக்கிறது. அவ்வளவுதான். மலைப் பந்தயத்தின் ஏழாவது வளைவில் கொதிநீர் பீறிட்டு டயரடியில் கொட்ட, தங்கை ஓட்டிய வண்டி சுழன்று சுவரில் இடித்து நின்றது.

மணிக்கட்டில் கட்டோடு இன்று பட்டறைக்கு வந்தாள். "அடுத்த பந்தயத்துக்குப் பத்தொன்பது நாள்தான் இருக்கு. போல்ட்டா, ஸ்டட்டா? சட்டுனு சொல்லுக்கா."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

சொல்லவில்லை.

ஹெட்டுக்குப் புது போல்ட் போட்டால் ஒரே நாளில் பூட்டிவிடலாம். ஆனால் முறுக்கும்போது போல்ட் நீளவும் செய்கிறது, திருகவும் செய்கிறது. பத்தும் ஒரே அளவு பிடித்ததா என்று சத்தியம் பண்ண முடியாது. ஸ்டட் தலையில்லாத மரைக்கம்பி; அதைக் கையாலேயே எஞ்சின் பிளாக்கில் இறக்கிவிட்டு, மேலே நட்டை மட்டும் முறுக்கலாம். நேராக இழுபடும், பிடி அதிகம். அந்தப் பிடியில் சிலிண்டரின் வட்டமே கொஞ்சம் நசுங்குமாம். அதனால் எஞ்சினை முழுக்கப் பிரித்து, சிலிண்டர் துளைகளை மறுபடி கடைந்தாக வேண்டும். பந்தயம் போச்சு.

அவள் டர்போவின் அழுத்தத்தை, அதாவது பூஸ்டை, கூட்டச் சொல்கிறாள். பழைய பூஸ்டுக்குப் புது போல்ட்டே தாராளம். புது போல்ட் என்றால் —

மார்ச் 6, வெள்ளி

நேற்று அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். இன்று எழுதித் தீர்க்கிறேன்.

போன தடவை நான் பூட்டியது பழைய போல்ட். ஒரு தடவை இழுபட்டால் தூக்கிப் போட வேண்டிய வகை. புதுசு வர இரண்டு நாள் தாமதம். நானோ தேதி சொல்லிவிட்டேன். துடைத்தேன், எண்ணெய் தடவினேன், பூட்டினேன்.

விபத்துக்குப் பிறகு, "ஏன்க்கா இப்படி ஆச்சு?" என்று கேட்டாள். "ஹெட்டை மட்டமா சீவலையோ என்னவோ" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் நேரே ஹெட்டைச் சீவித் தந்த லேத்காரரிடம் போய், நாலு பேர் முன்னால் அவரைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

புது போல்ட் கேட்டால், பழையது என்ன ஆச்சு என்ற கேள்வி வரும். இப்போது ஸ்டட் போடலாம் என்று மனசு சொல்வது எஞ்சினுக்காகவா, என் குட்டு உடையாமல் இருக்கவா?

மார்ச் 7, சனி

ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கினேன். கலைத்தேன். மறுபடி அடுக்கினேன்.

மார்ச் 9, திங்கள்

லேத்காரர் தானாகவே வந்தார், கையில் இரும்பு மட்டக்கோலோடு. ஹெட்டைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்தார். அடியில் மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

"மட்டம் சரியாத்தான்மா இருக்கு. ஆனா ஒரு வாரமா ஒவ்வொரு வேலையையும் மூணு தடவை அளக்கிறேன். என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

"அண்ணே, பழைய போல்ட்டுண்ணே." எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

மட்டக்கோலை ஹெட்டிலிருந்து எடுத்தார். பிறகு, "என்னைத் திட்டினப்ப நீயும் அங்கதானே நின்னே?"

நின்றேன். ஆமாம், நின்றேன்!

மட்டக்கோலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

தங்கையிடமும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்றிருந்தேன். கத்தவில்லை.

"அந்த வளைவுல சுவர் இல்லாம இருந்திருந்தா?"

கட்டுப்போட்ட மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"பெரிய மனுஷன்கிட்ட என்னென்ன பேசிட்டேன். எல்லாம் நீ சொன்னத நம்பித்தானே?"

மார்ச் 13, வெள்ளி

தங்கை பிளாக்கையும் ஹெட்டையும் வண்டியில் ஏற்றி லேத்காரரிடம் கொண்டுபோய்விட்டாள். அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாளாம்.

"ஸ்டட்தான். இந்தப் பந்தயம் வேணாம், அடுத்தது பாத்துக்கலாம். அவரே பூட்டுறாரு."

"நான்?"

"வேணும்னா வந்து நில்லு."

மார்ச் 22, ஞாயிறு

இன்று பந்தயம். எங்கள் வண்டி போகவில்லை.

மார்ச் 28, சனி

லேத்காரர் பட்டறை. துளை கடைந்து முடிந்து, ஸ்டட்டுகள் வரிசையாக நின்றன. அவர் நட்டுகளை மூன்று சுற்றாக முறுக்கினார். ரெஞ்சின் அளவைப் படிக்கும் வேலை எனக்கு. ஒவ்வொரு தடவையும் நான் சொன்னதும், குனிந்து தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நாலாவது நட்டில், "தப்பா நெனச்சுக்காதம்மா" என்றார்.

நினைக்கவில்லை. ஆனால் சுருக்கென்றது.

ஏப்ரல் 12, ஞாயிறு

மலைப் பந்தயம். பதிவுத் தாளில் 'எஞ்சின் பூட்டியவர்' என்ற இடத்தில் லேத்காரர் பெயரைத் தங்கை எழுதினாள். என்னைப் பார்த்தாள். சரிதான் என்று தலையாட்டினேன்.

கூட்டிய பூஸ்டோடு மூன்று தடவை ஏறி இறங்கினாள். ஐந்தாவது இடம்.

சூடு ஆறியதும் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் துளி குறையவில்லை. "அண்ணே, நீங்களும் பாருங்க" என்று அவரைக் கூப்பிட்டாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: "நீயும்தான் பாருக்கா."