இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர்

16 ஏப்ரல் 1984, திங்கள்

சனிக்கிழமைக் காற்றில் கிளினிக் வளைவில் மரம் விழுந்து, எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு வரும் மின்கம்பி அறுந்துபோனது. கோலா தெர்லா வரை இதே கதிதானாம். எங்கள் முறை வர வெள்ளிக்கிழமை ஆகும் என்கிறார் இவர். லைன்மேன் தங்கராஜு வீட்டிலேயே மெழுகுவர்த்தி! பள்ளியில் மற்ற ஆசிரியைகள் சிரிக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைதான் மாரியம்மன் திருவிழா. கோயில் தலைவர் என் மாமனார் காளியண்ணன். விளக்கில்லாமல் கரகம் கோயிலுக்குள் வந்தால் தோட்டத்துக்கே ஆகாது என்று புலம்பிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார்.

18 ஏப்ரல்

திரிங்காப் காய்கறித் தோட்டத்திலிருந்து லோரியில் ஜெனரேட்டர் வந்துவிட்டது. மாமா முகத்தில் இப்போதுதான் சிரிப்பு.

அது எப்படிக் கரண்டு கொடுக்கிறது என்று இவரைக் கேட்டேன். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைக் காட்டினார். "உள்ள காந்தம் சுத்துது. அதைச் சுத்தி செம்புக் கம்பி. காந்தம் சுத்தினா கம்பியில கரண்டு. என்ஜினுக்குச் சுத்தி விடுற வேலை மட்டுந்தான்."

பெடலை என்னையே சுற்றச் சொன்னார். விளக்கு எரியும்போது கை கனத்தது. வயரைக் கழற்றியதும் லேசானது. "வெளக்கு கூடக் கூட என்ஜின் திணறும். சத்தத்துலயே தெரிஞ்சிடும்லா." டீச்சருக்கே பாடம் எடுத்த பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு.

19 ஏப்ரல்

மழை. மாமா ஜெனரேட்டருக்குக் குடை பிடிக்காத குறை.

20 ஏப்ரல், காலை

இவரும், இவருடைய உதவியாள் நாகப்பனும் இன்று கம்பி கட்டப் போகிறார்கள். "கரகம் வர்றதுக்குள்ள கரண்டு கொடுத்திடுவேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றார். மாமா அடுத்த அறையில்தான் இருந்தார். அப்பாவும் மகனும் நேரில் பேசினால் என்ன குறைந்துவிடும்? நானும் மறந்து பள்ளிக்கு ஓடிவிட்டேன்.

20 ஏப்ரல், இரவு

உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

21 ஏப்ரல், தானா ராத்தா ஆஸ்பத்திரி

தூங்குகிறார். எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மாலையில் வீட்டு விளக்கு எரிந்தது. "கரண்டு வந்துருச்சிலா!" என்று பக்கத்து வீட்டு மணியம்மா கத்தினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாரே என்று எனக்கும் சந்தோஷம்.

ஆனால் வெளிச்சம் மங்கல். வீட்டுக்கு வீடு விளக்குப் போடப் போட, மேலே கோயிலில் என்ஜின் திணறியது. அந்தக் கனம் என் கைக்குத் தெரியும். அப்போதுதான் புரிந்தது. இது வெளியிலிருந்து வந்த கரண்டே இல்லை. கோயில் ஜெனரேட்டருடையது. தெருக்கம்பி வழியாக என் வீட்டுக்கு வந்தது என்றால், அந்தக் கம்பியின் மறுமுனைக்கும் போகுமே? மறுமுனை அவர் கையில்தானே இருக்கிறது!

கோயிலுக்கு ஓடினேன். வண்ண விளக்கெல்லாம் கோயில் வயரிங்கில் மாட்டியாகிவிட்டது. அதைத் திரும்பப் பிரிப்பானேன் என்று மாமா ஒரு வயருக்கு இரண்டு பக்கமும் பிளக் வைத்து, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதைச் சுவரிலும் சொருகியிருந்தார். கோயிலைத் தெருக்கம்பியிலிருந்து பிரிக்கும் மெயின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை.

"மாமா, நிறுத்துங்க! அவரு கம்பத்து மேல இருக்காரு!"

"கரண்டு அங்கேர்ந்து இங்க வரும். இங்கேர்ந்து அங்க எப்படிம்மா போகும்? கரகம் வாசலுக்கு வந்துருச்சு. தள்ளு!"

தள்ளவில்லை. ஜெனரேட்டர் பக்கத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். கோயில் இருண்டது. மேளம் நின்றது. இருட்டிலேயே கரகம் உள்ளே வந்தது. "பாவி" என்று யாரோ என் முதுகில் அடித்தார்கள்.

கிளினிக் வளைவில் அவர் கம்பத்தில் பெல்ட்டோடு தொங்கிக்கொண்டிருந்தார். கீழே நாகப்பன் அழுதுகொண்டு நின்றான். "காலையில பியூஸ் கழட்டி, டெஸ்ட்டும் பண்ணிட்டுத்தான் ஏறினோம் அண்ணி. திடீர்னு கம்பி புடிச்சிக்கிச்சு. என்னால தொட முடியல. இப்பதான் விட்டுச்சு."

இப்பதான். நான் பிடுங்கினப்பதான்.

சாமிக்கு வெளக்கு வேணும்னா எம் புருஷன்தான் கெடச்சாரா? பெத்த மகன்தானே? ஒரு வார்த்தை கேட்டிருந்தா?

26 ஏப்ரல்

வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மாமா பிளாஸ்க்கோடு வந்து வராந்தாவிலேயே நின்றார். பார்வை நேரம் முடியும்வரை உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

10 ஜூன்

'கரகத்தை இருட்டில் விட்டவள்'. தண்ணீர்க்குழாயடியில் இதுதான் இப்போது என் பெயர். இருக்கட்டும்.

இவருக்கு இனி ஸ்டோரில் வேலை. இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுப் பிள்ளைகள் தூங்கிய பிறகே உட்காருகிறார்.

19 ஏப்ரல் 1985, வெள்ளி

திருவிழா. கரகம் வாசலுக்கு வந்த நேரம் மழையில் கரண்டு போனது. கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

இந்த முறை ஜெனரேட்டரின் வயர் சுவரில் உள்ள ஒரு பெட்டிக்குப் போகிறது. இவரும் நாகப்பனும் மாட்டியது. பிடியை மேலே தள்ளினால் தெருக்கம்பி, கீழே இறக்கினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒன்றாகச் சேரவே முடியாது. மாமா அந்தப் பிடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்.

என்ஜின் ஓடத் தொடங்கியது. மாமா பிடியில் கை வைத்தார். இறக்கவில்லை.

"ராஜு எங்க?"

"இங்கதாம்ப்பா" என்றார் இவர், பின்னாலிருந்து.

"முன்னால வா. கையக் காட்டு."

"மாமா, கரகம்..." என்றேன் நான்.

"நிக்கட்டும்."

டார்ச் வெளிச்சத்தில் இவர் இரண்டு கைகளையும் காட்டினார். மாமா வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் பிடியை இறக்கினார்.