ராசிக் காந்தம்

என் பிரியமான மலருக்கு,

லேபில் உன்னை "ஏய் மலரு" என்பேன், வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி என்பேன். என் அண்ணனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நமக்கு இந்த இரட்டை வேஷம். அந்தப் பாழாய்ப்போன காய்ச்சலில் நீ போய், இது இரண்டாவது மழைக்காலம். இன்றைக்கு உன்னை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. லேப் விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. நம்முடைய வேதிவினையை நடத்தியது இரும்பு இல்லை, மலர்.

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நைட்ரஜன் உள்ள ஒரு பொருளோடு கார்பன் வால் ஒன்றை ஒட்டுவது, மருந்து செய்கிறவர்களுக்குத் தினப்படி வேலை. அந்த வாலை ஆல்கஹாலிலிருந்து எடுக்கலாம். வினையூக்கி ஆல்கஹாலிடம் ஹைட்ரஜனை இரவல் வாங்கி, வால் ஒட்டியதும் புதுப் பொருளிடம் திருப்பிக் கொடுத்துவிடும். மிச்சம் தண்ணீர் மட்டும்தான். வழக்கமாக இதற்கு ருத்தேனியம் மாதிரி விலை கூடிய உலோகம் வேண்டும். நாம் சாதாரண இரும்பிலேயே முடித்துவிட்டதாக ஆராய்ச்சிப் பேப்பர் எழுதினோம். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து.

அந்தப் பேப்பரின் முதல் பக்கத்தை அண்ணன் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது உனக்குத் தெரியாது. நீ போனதற்கு அப்புறம் மாட்டினது. பீரோ மேல் உன் படம், அதற்கு மேலே சுவரில் அது. முத்தியால்பேட்டையில் தன் கடைக்குப் பைக் ரிப்பேருக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "எங்க வீட்டம்மா இரும்பு வச்சே மருந்து பண்ண வழி கண்டுபுடிச்சவங்க. எனக்கும் அவளுக்கும் ஒரே தொழிலு."

போன மாதம் வெளியூர் லேபிலிருந்து ஒரு மெயில் வந்தது. எத்தனை முறை செய்தும் தங்களுக்கு வரவில்லை என்று. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம் என்று முனகிக்கொண்டே நானே செய்து பார்த்தேன். எனக்கும் வரவில்லை. பழைய குறிப்பேட்டை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டேன். எல்லாம் அதேதான், குடுவைக்குள் சுற்றிக் கலக்குகிற சின்னக் காந்தம் மட்டும் புதுசு.

உன் ராசிக் காந்தம் டிராயரிலேயே கிடந்தது. வெள்ளை உறையில் கீறல் விழுந்து, விரிசலில் கறுப்பு படிந்த பழசு. முதல் தடவை வினை வந்தது அதில்தான் என்று நீ அதை விட்டதே இல்லை. இரும்பு போடாமல் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்கவேண்டி வந்தபோது மட்டும் புதுக் காந்தத்தை எடுத்து நீட்டினாய். "ஒண்ணும் வராத ரன்னுக்கு ராசிய ஏன்டி வீணாக்கணும்?" நானும் சிரித்தேன். அதில் ஒன்றும் வரவில்லை, அப்படியானால் இரும்புதான் என்று முடிவு கட்டினோம்.

இந்த முறை இரும்பே போடாமல் ராசிக் காந்தத்தைப் போட்டேன். வந்தது, மலர். அழகாக வந்தது. விரிசலைச் சுரண்டிச் சோதனைக்குக் கொடுத்தேன். ருத்தேனியம். நமக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர்கள் விட்டுப்போன கறை. எது வேண்டாம் என்று கிளம்பினோமோ, அதுதான் கூடவே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? முதலில் என்னைத் திட்டியிருப்பாய். அப்புறம் பீச் ரோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்திருப்போம். திரும்பும்போது, "பேப்பர வாபஸ் வாங்கிடலாம்டி" என்றிருப்பாய். அப்படித்தானே? என் வார்த்தையை உன் வாயில் வைக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தபோது சொன்னேன்.

"அப்போ அவ பொய் சொல்லிட்டாளா?"

"இல்லண்ணா. எங்க ரெண்டு பேருக்குமே தெரியல."

"வெளிய சொல்லித்தான் ஆவணுமா? அவளே இல்லியே."

"அண்ணி இல்லாததாலதாண்ணா நான் சொல்லணும்."

கை காயும்வரை இலை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, ஃபிரேமைக் கழற்றித் துடைத்து, பீரோவுக்குள் உன் புடவைகளுக்கு அடியில் வைத்தார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்தக் காந்தம் எங்க?" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். "இதத்தான் தெனம் கையில வச்சிருந்தாளா?" உன் படத்தண்டை வைக்கக் கொண்டுபோனார். அது அவர் விரலை விட்டுப் பீரோ கதவில் போய் ஒட்டிக்கொண்டது.

"இரும்பத்தான் புடிச்சுக்குது பாரு" என்றார். அங்கேயே விட்டுவிட்டார்.

வாபஸ் கடிதம் நாளைக்குப் போகிறது. அதிலும் உன் பெயர்தான் முதலில். அப்புறம் புதுக் குடுவை, புதுக் காந்தம், வெறும் இரும்பு என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். வராவிட்டால் வரவில்லை என்றே உன்னிடம் சொல்வேன், இது சத்தியம். வந்தால் ஊருக்குச் சொல்லும் முன் அண்ணனிடம் சொல்வேன். சுவரில் இருந்த ஆணியை அவர் பிடுங்கவில்லை, மலர்.

லேபில் உன் கூட்டாளி,
வீட்டில் உன் நாத்தனார்,
சாந்தி