இரவல் அகப்பை

1962 நவம்பர் 8, வியாழன்

வெந்நீர் ஊற்று விடுதிக்கு வந்து சேர்ந்தாயிற்று. எய்ஸாகு அரிசி மூட்டையையும் என் மெத்தையையும் முதுகில் கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேடேறினான். பெற்ற பிள்ளைதான், ஆனால் மூச்சு வாங்குவதைப் பார்த்தால் அவனுக்கும் வயதாகிறது. அறுவடை முடிந்துவிட்டது. நாளைக்கு டோக்கியோவுக்குச் சாலை வேலைக்குப் போகிறான். பனி உருகினால்தான் திரும்புவான்.

"மூணு சுத்து இரும்மா. கை சரியாகாம வராதே" என்றான். ஏழு நாள் குளியல் இங்கே ஒரு சுற்று.

என் வலது மணிக்கட்டு. விஷயம் அவ்வளவுதான். கோடையிலிருந்து வீங்கிக் கிடக்கிறது. கதிர் அறுக்க முடியாவிட்டால் போகட்டும், வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சோறு போட முடியாவிட்டால்? எங்கள் பக்கத்தில் அகப்பையைப் பிடிப்பவள்தான் வீட்டுக்காரி. முதல் கிண்ணம் யாருக்கு, அடிச்சோறு யாருக்கு, யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவள் வைத்ததுதான். மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு அகப்பை ஒரு முறைதான் போகும். போனால் திரும்பாது. சதயோ மருமகளாக வந்து இருபது வருஷம் ஆகிறது. ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காதவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அதனால் வீட்டு அகப்பையைத் துண்டில் சுற்றி என் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். இந்த விடுதியில் நாமே சமைத்துக்கொள்ள வேண்டும், அகப்பை வேண்டாமா? யாராவது கேட்டால் அப்படிச் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 9

சதயோ கட்டித் தந்த மூட்டையை இன்று பிரித்தேன். சூப்புக்குக் கரைக்கும் சோயா விழுது, மிசோ. புகை போட்ட முள்ளங்கி. காய்ந்த காளான். கைக்குச் சுற்ற கம்பளித் துணி. அடியில் செய்தித்தாளில் சுற்றியபடி ஒரு புது அகப்பை, முனை மட்டும் வெளியே தெரிந்தது.

புது அகப்பை.

இதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் பெரியவர்களை ஒதுக்கும்போது பின்கட்டில் ஓர் அறை, தனி அடுப்பு, ஒரு புது அகப்பை. 'இனி உங்கள் சோற்றை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அகப்பையைக் கையில் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. அலமாரி மேலே போட்டுவிட்டேன்.

நவம்பர் 10

நாலு முறை குளித்தேன். தண்ணீர் பால் நிறம். கந்தக நாற்றம் மூக்கில் ஏறுகிறது. இரண்டும் நல்லது.

நவம்பர் 11

பக்கத்து அறையில் கிகுநோ என்று ஒருத்தி. நடுவே காகிதக் கதவு ஒன்றுதான். அவள் புரண்டு படுத்தால் என் தலையணை அசைகிறது. கடற்கரைக்காரி, மீன் பிடிக்கிற குடும்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருக்கலாம்.

"இஸே அக்கா, உங்க வீட்ல அகப்பை யார் கையில?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. ஊர், நோய் எல்லாம் அப்புறம்.

"என் கையிலதான்."

"இந்தக் கையிலயா? எப்படிப் பிடிக்கிறீங்க?"

"பிடிக்கிறேன்."

"நான் கொடுத்து எத்தனையோ வருஷமாச்சு. பின்கட்டுல ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு புது அகப்பை. மகராணி மாதிரி இருக்கேன். என்ன, பேச்சுக்குத்தான் ஆள் கிடையாது."

சிரித்தாள். நான் அலமாரி மேலே பார்க்காமல் இருந்தேன்.

நவம்பர் 12

குளியல் கூடத்துச் சுவரில் ஒரு பழைய பலகை. இந்த நீர் எந்தெந்த நோய்க்கு ஆகும் என்று எழுதியிருக்கிறது. கிகுநோ பள்ளிக்கூடமே போனதில்லையாம். "படிச்சவங்க நீங்க, படிங்க" என்றாள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனவள் நான், படிக்க என்ன? நரம்பு, மூட்டு, தோல், பெண்களுக்கு வரும் கோளாறு என்று வரிசையாகப் படித்தேன். கடைசியில் இரண்டு எழுத்து எனக்குத் தெரியாதவை. தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. "மற்றவை" என்று படித்தேன்.

கழுத்துவரை முங்கியிருந்த தோராகிச்சி கிழவர் கண்ணைத் திறந்தார். மலையில் கரி சுடுகிறவர். இங்கே ஆணும் பெண்ணும் ஒரே தொட்டிதான், நீர் வெள்ளையாக இருப்பதால் யாருக்கும் ஒன்றுமில்லை.

"மத்ததுன்னா, மருமகளும் அதுல அடக்கமா பாட்டி?"

"மருமக எங்க தாத்தா இங்க வந்து ஊறுறா?" என்றாள் கிகுநோ. "நம்மளைத்தான் கொண்டுவந்து ஊறப்போடறாங்க, ஊறுகாய் முள்ளங்கி மாதிரி. மேல ஒரு கல்லைத் தூக்கி வைக்காததுதான் குறை."

நவம்பர் 14

உடம்பு திருப்பி அடித்துவிட்டது. இங்கே வருகிற எல்லாருக்கும் ஒரு நாள் இப்படி ஆகும், அதன் பிறகுதான் நீர் வேலை செய்யும் என்கிறார்கள். காய்ச்சல், தலைசுற்றல். மணிக்கட்டு இரண்டு பங்காக வீங்கிவிட்டது. எழுதுவதே இடது கையால்தான். கோணல் மாணலாக வருகிறது, வரட்டும்.

சமைக்க எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிடாமலே கிகுநோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் பானையில் என் அரிசியை வடித்தாள். வாசனை பிடித்துக்கொண்டு தோராகிச்சியும் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். திறந்தால் — அவ கையில எங்க வீட்டு அகப்பை. என் தலைமாட்டுல துண்டுல சுத்தி வச்சிருந்ததை எடுத்து, அவ பாட்டுக்கு எல்லாருக்கும் சோறு போடறா. என்னைக் கேட்டாளா? யாரைக் கேட்டு எடுத்தா?

"அதை வை."

"எதை?"

"அகப்பையை."

அகப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வீட்டு அகப்பையா இது? கூடவே தூக்கிட்டா வந்தீங்க?" பிறகு மண்டியிட்டுக் கையைப் பாயில் ஊன்றித் தலை குனிந்தாள், கல்யாண வீட்டில் செய்வதுபோல. "சரி, பிடிச்சது பிடிச்சதுதான். இனிமே உங்க வீட்டுக்காரி நான். உங்க மருமக எனக்கு மருமக. தாத்தா, நீங்கதான் சாட்சி."

"இன்னொரு கிண்ணம் போட்டா சாட்சி" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அகப்பையைக் கழுவித் துண்டில் சுற்றி என் பக்கத்தில் வைத்த பிறகு கிகுநோ கேட்டாள்: "அப்போ உங்க வீட்ல இப்ப எதால சோறு போடறாங்க?"

"அவங்க பாடு."

நவம்பர் 15

எதால் போடுகிறாள்?

நவம்பர் 17

காய்ச்சல் விட்டது. வெளியே முதல் பனி. மணிக்கட்டு வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, விரல்கள் பாதி மடங்குகின்றன. வெறும் அகப்பையைப் பிடிக்க முடிகிறது. சோற்றோடு தூக்கினால் நழுவுகிறது. முழுக்க மடங்கினால்தான் பிடி கிடைக்கும்.

கிகுநோ பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காதவள் போலப் போய்விட்டாள். அந்த அளவு நாகரிகம் அவளுக்கும் தெரிகிறது.

நவம்பர் 19, திங்கள்

மத்தியான பஸ்ஸில் சதயோ வந்தாள். சொல்லி அனுப்பவில்லை, ஒன்றுமில்லை. தலைத்துணி முழுக்கப் பனி, முதுகில் அரிசியும் முள்ளங்கியும். குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அரிசி தீர்ந்திருக்கும்னு வந்தேம்மா."

தீரவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

கிகுநோ கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "நீதான் நம்ம மருமகளா?"

சதயோ மரியாதையாகக் குனிந்தாள். "எந்த வழியில உறவுன்னு தெரியலையேம்மா?"

"அகப்பை வழியில."

"நீ குளிக்கப் போ" என்று கிகுநோவை விரட்டினேன்.

நானே சமைத்தேன். பானையை நடுவில் வைத்து, துண்டைப் பிரித்து, வீட்டு அகப்பையை எடுத்தேன். சதயோ அதைப் பார்த்தாள். அள்ளினேன். கிண்ணம் வரை போகவில்லை, சோறு பாயில் விழுந்தது. மறுபடி அள்ளினேன், மறுபடியும் விழுந்தது.

கை நீட்டி வாங்கியிருந்தால் அந்த இடத்திலேயே அவளை அனுப்பியிருப்பேன். அவள் வாங்கவில்லை. கிண்ணத்தைப் பானை விளிம்போடு ஒட்டித் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள், நான் தள்ளிவிட்டால் போதும் என்கிற மாதிரி. பாயில் சிந்திய பருக்கைகளைப் பொறுக்கித் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் கேட்டாள்.

"நான் வச்ச புதுசு சரியா வரலையாம்மா?"

"தனி அடுப்பு வைக்கிற வயசு எனக்கு இன்னும் வரல."

அவளுக்கு விளங்க நேரமானது. "தனி அடுப்பா?" எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி மேலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காகிதத்தைப் பிரித்து என் கையில் வைத்தாள்.

பிடி முழுக்கத் துணி சுற்றி இறுக்கித் தைத்திருந்தது. மண்வெட்டிப் பிடி கனம். பாதி மடங்கின விரலுக்குள் அப்படியே உட்கார்ந்தது. துணி அவளுடைய பழைய வயல் காற்சட்டையில் கிழித்தது, அந்த நீலம் எனக்குத் தெரியும்.

"பிடி மெலிசா இருக்கறதாலதான் நழுவுதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வீட்டு அகப்பையில சுத்தலாம்னா, அதை நான் தொடக் கூடாது. அதான் புதுசு வாங்கிச் சுத்தினேன்." பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்: "தனி அடுப்பு வைக்கறதுன்னா பானையும் சேர்த்துல்ல கொடுத்திருப்பேன்? வெறும் அகப்பையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க, முதுகு சொறிவீங்களா?"

காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் கிகுநோ சிரிப்பது கேட்டது. குளிக்கப் போகவே இல்லை அவள்.

புது அகப்பையால் சதயோவுக்குச் சோறு போட்டேன். சிந்தவில்லை. வேறென்ன எழுத?

நவம்பர் 20

காலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் வைக்கோல் காலணியைக் கட்டும்போது வீட்டு அகப்பையைத் துண்டோடு நீட்டினேன்.

எழுந்து நின்றுவிட்டாள். "இங்க வச்சா கொடுப்பாங்க? வேணாம்மா."

"ஏன்?"

"வெந்நீர்ல ஊறவச்சு மாமியார்கிட்ட பிடுங்கிட்டான்னு ஊர் பேசும். கொடுக்கறதுன்னா வருஷக் கடைசி நாள்ல, பானை மூடி மேல வச்சு, முறையாக் கொடுங்க. இல்லேன்னா நீங்களே வச்சிருங்க. எனக்கு அவசரமில்ல."

இருபது வருஷம் ஒரே பானையில் சாப்பிட்டிருக்கிறோம். அவளுக்கும் வீம்பு உண்டு என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

"வீட்ல எதால சோறு போடறே?"

"டீ கிண்ணத்தால."

"அப்போ இரவலா எடுத்துட்டுப் போ. நான் வந்ததும் திருப்பிக் கொடுத்துடணும்."

யோசித்தாள். "இரவல்னா சரி" என்று வாங்கி மார்புத் துணிக்குள் செருகிக்கொண்டாள். பஸ் திரும்பும்வரை நின்றேன். குளிர் கைக்கு ஆகாது என்று கிகுநோ உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 24

கிகுநோ ஊருக்குப் போனாள். கூட்டிப்போக அவள் பையன் வரவில்லை, பஸ்ஸில் தனியாக. "இனிமே உங்க பக்கத்து அறையில ஊமை யாராவது வந்தா நல்லாத் தூங்குவீங்க" என்றாள்.

அறை இப்போது காலி. நல்லாத் தூங்கவில்லை.

நவம்பர் 29

வீடு. மூன்று சுற்றும் முடித்தேன். விரல் முழுக்க மடங்குகிறது.

நுழைந்ததும் சதயோ அகப்பையைத் துண்டோடு திருப்பிக் கொடுத்தாள். இரவல் இரவல்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வெளியூர் போனவருக்கு அங்கே பசிக்கக் கூடாது என்று அவர் இடத்தில் சோறு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. எய்ஸாகு இடத்தில் அவன் கிண்ணம் மூடியோடு இருந்தது. பேத்தி கஸுமி என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "பாட்டி, உங்க சோத்தை தினமும் நான்தான் சாப்பிட்டேன்."

"என் சோறா?"

"அப்பாவுக்குப் பக்கத்துல உங்களுக்கும் அம்மா வச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மூடியைத் தூக்கிப் பார்ப்பாங்க. உள்ள வேர்த்திருந்தா நீங்க சௌக்கியம். ஒரு நாள் வேர்க்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் அம்மா பஸ் ஏறிப் போனாங்க."

"அன்னைக்குச் சோறு ஆறிப்போயிருந்துச்சு, வாயை மூடிட்டு சாப்பிடு" என்றாள் சதயோ.

டீ கிண்ணத்தால் அள்ளி வைத்திருக்கிறாள். எனக்கு.

1963 ஜனவரி 1

நேற்றுக் கொடுத்துவிட்டேன். பானை மூடி மேல் வைத்து, முறைப்படி. அவளும் முறைப்படி மறுத்தாள். மறுக்காமல் வாங்கியிருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் பார்க்க முதலில் நானே எல்லார் கிண்ணத்திலும் சோறு போட்டேன், பழைய அகப்பையால், ஒரு பருக்கை சிந்தாமல். அதன் பிறகுதான் கொடுத்தேன். முடியாமல் கொடுத்தாள் என்று எவளும் சொல்லிவிடக் கூடாது.

ஜனவரி 2

கை சும்மா இருக்கிறது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜனவரி 7

நாள் முழுக்கப் பனி. கரியடுப்பின் மேல் விரித்த போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் சதயோ அரிசிக் குதிர் பக்கம் நின்று குரல் கொடுத்தாள்.

"நாளைக்கு எவ்வளவு போடட்டும்மா?"

"உன் இஷ்டம்."

அளந்து போடுகிற சத்தம் கேட்டது. நான் அளப்பதைவிடக் கூடுதல், விழுகிற சத்தத்திலேயே தெரிகிறது. சொல்லலாமா என்று பார்த்தேன். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.