யார் இந்த ஊ ஞான் லின்?

தாமுவே, யாங்கோன்
ஜூன் 3, 2025

அன்பு மகள் அம்சாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா முழங்கால் வலியோடு நலம், நான் வலியில்லாமல் நலம். நீ அங்கே தாய்லாந்தில், மஹாச்சாயில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். போன் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது. அறுகிற வரைக்கும் உன் அம்மா பேசிவிடுகிறாள். எனக்கு "ஹலோ"வுக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. அதனால் காகிதத்தில் எழுதிப் பக்கத்து அறை ஷாநவாஸிடம் கொடுக்கிறேன். அவன் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவான். "இது தமிழா மாமா, இல்ல எறும்பு நடந்துபோன தடமா?" என்று கேட்டான். கெட்டிக்காரப் பயல்.

நம் வீட்டை இடித்த இடத்தில் ஆறு மாடி எழும்பிவிட்டது. பேசியபடி மூன்றாம் மாடி நமக்கு. மாற்று வீடு. காண்ட்ராக்டர் பொன்னுத்துரை சொன்னார்: "அண்ணே, பழைய வீட்டு வரிப் பதிவைப் புது வீட்டுக்கு மாத்திட்டு வந்துருங்க. பழைய மதிப்புலயே வரி ஓடும், புதுசா அளக்க வர மாட்டாங்க. அந்தக் காகிதத்தைக் காட்டுங்க, சாவியை வாங்கிக்கங்க."

சரி என்று வரி ஆபீஸுக்குப் போனேன். பழைய சீட்டைக் கொடுத்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். நடுவில் ஓர் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், "ஊ ஞான் லின்! ஊ ஞான் லின்!" என்று. யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். "காதைக் கழட்டி வீட்டுல வெச்சிட்டு வந்துருப்பான் போல" என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொல்லிச் சிரித்தேன். கடைசியில் குமாஸ்தாப் பெண் எழுந்து நேராக என்னிடமே வந்து மாமா முறையில் கூப்பிட்டாள். "ஊலே, நீங்கள்தானே இந்தச் சீட்டைக் கொடுத்தது? ஊ ஞான் லின் எங்கே?"

அம்சா, நம் வீட்டு வரிப் பதிவில் இருக்கும் பெயர் ஊ ஞான் லின்! நல்லப்பன் என்று எங்கேயுமே இல்லையாம்.

உனக்குத்தான் தெரியுமே, நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். பர்மிய எண்ணெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, எழுத்துதான் கண்ணைக் கட்டும். சீட்டு வந்தால் வீட்டு எண்ணைப் பார்ப்பேன், தொகையைப் பார்ப்பேன், கட்டிவிடுவேன். என் வீட்டுச் சீட்டில் வேறு எவன் பெயர் இருக்கப்போகிறது?

தாத்தா தவறிய வருஷம் பதிவை என் பெயருக்கு மாற்ற நீயும் நானும் போனோமே. நீதானே படிவம் எழுதினாய்? அப்போது யாராவது ஞான் லின் என்று குறுக்கே வந்தானா? யோசித்து எழுது. எனக்கு மண்டை குடைகிறது.

அன்புடன்,
அப்பா

-----

மஹாச்சாய்
ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தமிழ் எழுதி நாளாச்சு, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். மீன் பாக்டரி ஆட்கள் நிறைய வருகிறார்கள். அவர்கள் பர்மியில் சொல்வதை நான் தாய்லாந்து பாஷையில் டாக்டருக்குச் சொல்லி, படிவமும் எழுதித் தர வேண்டும்.

அந்தப் பெயர் விஷயம் ஆபீஸ் தப்பாக இருக்கும். நீங்கள் அலைய வேண்டாம். ஒரு புரோக்கரைப் பிடித்தால் முடித்துக் கொடுப்பார். அந்த ஆளைத் தேட வேண்டாம் அப்பா.

அம்மா முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அம்சா

-----

தாமுவே
ஜூன் 17

அன்பு மகளுக்கு,

தைலம் வந்தது. அம்மா முழங்காலுக்குப் போட்டது போக மிச்சத்தை என் மண்டைக்குப் போடச் சொல்கிறாள், ஞான் லின் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறானாம்.

தேட வேண்டாம் என்றாய். தேடாமல் எப்படி இருப்பது, பிள்ளை? இருபத்தேழு வருஷமாக என் வீட்டில் ஒரு ஆள் இருந்திருக்கிறான், நான் அவனுக்கு ஒரு டம்ளர் தேநீர்கூடக் கொடுத்ததில்லை. வார்டு ஆபீஸில் விசாரித்தேன். சந்தை முனையில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் ஊ ஞான் லின் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். போனேன். எண்பது வயது, பல் ஒன்றுதான் பாக்கி. விஷயத்தைச் சொன்னேன். நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டே, "மூணாம் மாடியா? லிப்ட் இருக்கா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "அப்ப அது நான் இல்லை" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்.

அம்மா அவள் பங்குக்கு வழக்கு வைத்திருக்கிறாள். "ஏங்க, இத்தனை வருஷம் எவனோ ஒருத்தன் வீட்டுலயா நான் சமைச்சுப் போட்டேன்? அவனாவது ஒரு நாள் குழம்பு நல்லாருக்குன்னு சொல்லியிருப்பான்."

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். விஷயம் கொஞ்சம் இறுகிவிட்டது. குமாஸ்தாப் பெண்ணின் பெயர் மா தீரி. மரியாதையான பெண்தான், ஆனால் சட்டம் பேசுகிறாள். பழைய பதிவில் யார் பெயரோ அவருக்குத்தான் மாற்று வீட்டின் பதிவு. ஊ ஞான் லின் வந்தால் அவருக்கு. அவர் இறந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கு. நான் யார் என்று கேட்டேன். "ஊலே, காகிதத்தின்படி நீங்கள் அவருக்காக வரி கட்ட வந்துபோகிற ஆள்" என்றாள். பொன்னுத்துரையோ ஜூலை பத்துக்குள் காகிதம் வராவிட்டால் மூன்றாம் மாடியை வேறு ஆளுக்குப் பேசிவிடுவேன் என்கிறார். அவருக்கும் கடன்காரர்கள் வாசலில். வாடகை அறையில் அம்மா மாடிப்படிக்குக் கீழே சமைக்கிறாள். இதை உனக்குச் சொல்லக்கூடாது என்றாள், சொல்லிவிட்டேன்.

மா தீரி ஒன்று சொன்னாள். 1998-ல் எழுதின படிவம் உள்ளே கோப்பில் இருக்கிறதாம். பதிவுக்குரியவருக்குத்தான் காட்ட முடியுமாம். ஆனால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "எழுத்து ரொம்ப அழகாக, உருண்டை உருண்டையாக இருக்கிறது ஊலே. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினமாதிரி." அந்தப் பெயருக்கு அர்த்தமும் சொன்னாள். ஞான் என்றால் நம் ஞானம்தானாம். லின் என்றால் வெளிச்சம். ஞான வெளிச்சம்! நாலாம் வகுப்பில் இரண்டு தரம் உட்கார்ந்தவன் வீட்டில் இப்படி ஒருவன் குடியிருந்திருக்கிறான்.

உருண்டை எழுத்து யாருடையது, அம்சா? படிவத்தை உன்னிடமிருந்து வாங்கி வேறு எவனாவது திருத்தி எழுதினானா?

அப்பா

-----

மஹாச்சாய்
ஜூன் 20

அப்பா,

உருண்டை எழுத்து என்னுடையதுதான். யாரும் திருத்தவில்லை. நம் வீட்டுக்கு ஊ ஞான் லின் என்று ஓர் உரிமையாளரும் கிடையாது. நான் வைத்த பெயர்.

எனக்கு அப்போது பதினாலு வயது. வகுப்பில் என்னைக் "கலாமா" என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்பி, கரையேறி வந்தவள் என்று அர்த்தம். ஆசிரியை ஒரு நாள் எல்லாரையும் எழுப்பி அப்பா பெயர் சொல்லச் சொன்னார். நான் நல்லப்பன் என்றேன். "நல்லாப்பா, நல்லாப்பா" என்று ஆறு மாதம் பாட்டுப் பாடினார்கள். அந்த வாரம்தான் நீங்கள் என்னை ஆபீஸுக்குக் கூட்டிப் போனீர்கள். உரிமையாளர் பெயர் என்ற இடம் வந்ததும் கை நின்றது. என் கூட்டாளியின் அப்பா பெயர் நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டேன். நம் ஆட்களுக்கு வீட்டில் ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர் இருப்பது வழக்கம் என்பதால் அங்கே யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இங்கே நோயாளி யார் வந்தாலும் பெயரை மூன்று தரம் கேட்டுத்தான் எழுதுவேன். மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். ஏன் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

நீங்கள் தேடப் போனதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வெற்றிலைக் கடைத் தாத்தாவைப் படித்து யாரும் அழுதிருக்க மாட்டார்கள். நான் அழுதேன்.

ஒன்று மட்டும் உதவும். படிவத்துக்குக் கீழே கையெழுத்து நீங்கள் போட்டது. தமிழில் போட்டீர்கள். அதைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்தான் எழுதினேன் என்று பர்மியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வக்கீல் முத்திரையோடு தனியாக அனுப்புகிறேன்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் இருக்காதீர்கள்.

அம்சா

-----

தாமுவே
ஜூன் 23

அம்சாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வக்கீல் காகிதமும் வந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பிறகு எழுதுகிறேன்.

நல்லப்பன்

-----

மஹாச்சாய்
ஜூலை 4

அப்பா,

பதினோரு நாள் ஆகிறது. அம்மா போனில் எல்லாம் பேசுகிறாள், உங்களைக் கேட்டால் வெளியே போயிருக்கிறார் என்கிறாள். எப்போது கேட்டாலும் வெளியே. கீழே பெயர் எழுதியிருந்தீர்கள். அப்பா என்று எழுதவில்லை. பத்தாம் தேதிக்குள் வீடு என்ன ஆகும் என்றுகூட நான் கேட்கக்கூடாதா?

அம்சா

-----

தாமுவே
ஜூலை 9

என் பிள்ளை அம்சாவுக்கு,

நான் வெளியேதான் போயிருந்தேன். பாதி நாள் ஆபீஸுக்கு, பாதி நாள் சும்மா, எங்கேயோ. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவுக்குப் படகில் போய், இறங்காமல் அதே படகில் திரும்பி வந்தேன். இரண்டு தரம். மூன்றாம் தரம் டிக்கெட்காரர், "ஊலே, அக்கரையில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களா?" என்று கேட்டுவிட்டார்.

கோபம் எதில் என்று எனக்கே புரிய நாளாகிவிட்டது. பெயர் மாறினதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்படிப் பாடினார்கள் என்று தெரிந்திருந்தால் நானே நாலு பர்மியப் பெயர் வைத்துக்கொண்டிருப்பேன், என்னோடு ஓடின டிரைவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். அன்றைக்கு ஆபீஸ் வாசலில் சீட்டை நீட்டி, "என்னம்மா எழுதியிருக்கு, படி" என்று நான் கேட்டேன். நீ விரலை வைத்து, "நல்லப்பன்னு இருக்குப்பா" என்று படித்துக் காட்டினாய். கோபம் அதில்தான். எழுத்துத் தெரியாதவன் நம்பித்தானே கேட்கிறான். இதை எழுதாமல் விட்டால் என் வயிற்றில் கிடக்கும், எழுதிவிட்டேன். போய்விட்டது. பதினாலு வயதுப் பிள்ளை தெருவில் நின்று வேறு என்ன படிக்கும்?

இனிக் கதை கேள். உன் காகிதத்தோடு மா தீரியிடம் போனேன். கோப்பை எடுத்து வந்தாள். கீழே என் கையெழுத்து. இருபத்தேழு வருஷமாக அதை அவர்கள் மை கொட்டின கறை என்று நினைத்திருக்கிறார்கள். "இங்கேயே போடுங்கள் பார்ப்போம்" என்றாள். போட்டேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மேலதிகாரிப் பெரியவரைக் கூப்பிட்டாள், அவரும் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். இரண்டு கறையும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பிறகுதான் கேள்வி. புதுப் பதிவில் என்ன பெயர்? நல்லப்பன் என்று மட்டும் எழுதி, பழைய பெயரை அடித்துவிடலாம். அல்லது இரண்டு பெயரையும் எழுதி, நடுவில் அடைப்புக்குள் ஓர் எழுத்துப் போடுவார்களாம், "என்கிற" என்று அர்த்தமாம். அதற்கு மேலும் ஒரு முத்திரை, மேலும் ஒரு நாள். "அடித்துவிடட்டுமா ஊலே?" என்று பேனாவைத் திறந்தாள்.

எனக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்றேன். "அந்த ஆள் இருபத்தேழு வருஷம் ஒரு தவணை தவறாமல் வரி கட்டியிருக்கிறான். வீடு வருகிற நேரத்தில் அவனை எப்படித் தெருவில் விடுவது?" மா தீரி சிரித்தாள். பெரியவர் சிரிக்கவில்லை, ஆனால் முத்திரையை அவரே குத்தினார். இன்று காலை காகிதம் வந்தது. பொன்னுத்துரை சாவி கொடுத்துவிட்டார். அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "என் பிள்ளை வெச்ச பேரு உங்களுக்குக் கொஞ்சம் அதிகம்தான்" என்றாள்.

ஒரு விஷயம் பாக்கி. புதுப் பதிவில் வீட்டில் இருப்பவர்கள், பிள்ளைகள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மா தீரி உன் பெயர் கேட்டாள். எந்தப் பெயர் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நாங்கள் வைத்தது அம்சா. உன் கடவுச்சீட்டில் மா ஏ மோன். அங்கே ஆஸ்பத்திரியில் உன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. நீ எதற்குத் திரும்பிப் பார்ப்பாய் என்றும் தெரியாது. கேட்காமல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். மாதக் கடைசி வரை வைத்திருப்பாளாம். எழுதி அனுப்பு. வந்து எழுதினாலும் சரி, மூன்றாம் மாடிதான், லிப்ட் இல்லை.

உன்
அப்பா