ஹவாவின் கணவன் வரும்வரை

லண்டன் மனோர் பார்க் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஓர் ஆப்பிரிக்கக் கடையின் கதவு திறந்தது. சிவப்புப் பனையெண்ணெய் வாசம். கால் நகரவில்லை, வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். பார்த்தவர்களுக்கு நான் நிமிர்ந்து நிற்கும் ஒரு கிழவிதான். கன்னியாஸ்திரிகள் பழக்கிய அந்த நிமிர்வை, சிநேகிதி, நீ கேலி செய்யாமல் விட்டதில்லை. "எடியே, வீடு பத்தினாலும் நீ வரிசையிலதான் வெளியில வருவாய்."

ஒரே கொன்வென்ற்றில் படித்த நாம், எண்பதுகளில் நைஜீரியாவில் ஒரே கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். நான் கணவரோடு ஆசிரியையாக. நீ தனியே, மருத்துவராக. ஞாயிறு மத்தியானங்களில் என் வீட்டுக்குச் சோறு சாப்பிட வருவாய். முதலில் பிரசவக் கதைகளைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். பிறகு ஆஸ்பத்திரியில் கையுறைக்கும் மருந்துக்கும் காசு கேட்கத் தொடங்கினார்கள். பெண்கள் வருவது குறைந்தது. வந்தவர்களும் பிந்தி வந்தார்கள். நீ பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஞாயிறுகள் கூடின.

ஹவா எனக்குப் பக்கத்து வீடு. வயிற்றில் தலைப்பிள்ளை. முகம் வீங்கி, தலையிடி என்று படுத்திருந்தாள். கணவன் தானியம் விற்கத் தூரத்துச் சந்தைக்குப் போயிருந்தான். அவன் சொல்லாமல் அவளை வெளியே கொண்டுபோக அந்த வீட்டில் யாருக்கும் துணிவில்லை. வலிப்பு வந்த பிறகுதான் தூக்கினார்கள். மழை, லொறி சேற்றில் புதைந்தது. உன்னிடம் வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. தாயும் பிள்ளையும் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கை கழுவியபடி சொன்னாய்: "வலிப்பிலை செத்தது எண்டுதான் நான் எழுதுவன். நீ அதைக் கேளாதை. ஆர் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவை எண்டு கேள்."

தொண்ணூறுகளில் ஹரோவில் என் மகளின் முகம் அப்படி வீங்கியது. மருமகன் வேலையில். சம்பந்தியம்மா கொத்தமல்லி அவித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைத்தாச்சிக்கு வீங்கும்தானே டீச்சர்."

"கண் மங்குதாம். தலை இடிக்குதாம்."

"அம்மா, சும்மா பயப்படாதேங்கோ," என்றாள் மகள். "அவர் ஷிப்ட் முடிஞ்சு வரட்டும், போவம்."

"டீச்சர் இன்னும் ஆப்பிரிக்காவிலதான் நிக்கிறா," என்று சம்பந்தி சிரித்தார். "இது லண்டன்."

தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் படித்த மூன்று பெண்கள், ஒரு மனிதன் வந்து கதவைத் திறக்கட்டும் என்று இருந்தோம். நானும்தான். அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்ற உன் முகம் நினைவுக்கு வந்தது. எழும்பிப் போய் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

"அவன் வந்து என்ன சொல்லப்போறானோ!" என்றார் சம்பந்தி.

"உயிரோட இருக்கிற பெண்சாதியிட்டைச் சொல்லட்டும்."

மாலையே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். இன்னும் பிந்தியிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் மருத்துவர். பேத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவாகக் கிடந்தாள். ஓடிவந்து உன்னிடம் சொல்ல நீ இல்லை. அதற்கு முந்திய பனிக்காலம்தான் கண்ணை மூடிவிட்டாய்.

இப்போது, ஏழு வருஷம் கழித்து, மகள் திரும்பவும் பிள்ளைத்தாச்சி. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கும் விதம் அவளுக்குப் பிடிப்பதில்லை. "என்னைப் பாக்கிறியளோ, வீக்கத்தைப் பாக்கிறியளோ?" என்கிறாள்.

நேற்று சம்பந்தி தொலைபேசியில் கூப்பிட்டார். வழக்கமான கேலி குரலில் இல்லை.

"டீச்சர், மகன் வேலையில நிக்கேக்க அவளுக்கு ஏதும் எண்டால், நான் ஆரைக் கேக்கிறது?"

"ஒருத்தரையும் கேக்காதேங்கோ. உடன அம்புலன்ஸுக்கு எடுங்கோ."

மறுபக்கம் அவர் தாளில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல, "ஓம்," என்றார்.

நீ எனக்குத் தந்துவிட்டுப் போனது இந்தப் பயம். நேற்று அதில் பாதியைச் சம்பந்திக்குக் கொடுத்தேன், மறுக்காமல் வாங்கிக்கொண்டார். என் பங்கு குறையவில்லை.