பிரமாதம் நின்றுபோன வீடு

என் வாயாடி மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், மழை வந்தால் என் முழங்காலும் தையல் மிஷினும் மட்டும் முனகுகின்றன. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகிறது, இருமலும் போயிற்று. படுத்திருந்தபோது பொழுது போகட்டும் என்று ஒன்று அனுப்பினாயே, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் தலையணை அகராதி, அது மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அகராதி பிடித்த மனிதர் என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிவந்தேன், இப்போது நிஜமாகவே கையில் பிடித்துக்கொண்டு அலைகிறார், புண்ணியம் உனக்கு.

மேல் மாடிக்காரர் ஓய்வு பெற்றதற்கு விழா வைத்தார்கள். பெருமைப்படுகிறோம் என்று நினைத்து அழைப்பிதழில் இறும்பூது எய்துகிறோம் என்று போட்டுவிட்டார்கள். நாலு நல்ல வார்த்தை சொல்லக் கூப்பிட்டால் உன் அப்பா மைக்கைப் பிடித்து, இறும்பூதுன்னா பெருமை இல்லீங்க, வியப்பு, இவர் இத்தனை வருஷம் ஒழுங்கா வேலைக்கு வந்தாரான்னு ஆபீசே வியந்து போயிருக்குன்னு அர்த்தம் என்றார். கூட்டம் சிரித்தது. அந்த மனிதர் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டே மாடிப்படி இறங்குகிறார், அவர் மனைவி என்னிடம் தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதுகூடப் போகட்டும், என் வயிற்றெரிச்சல் வேறு. உன் அப்பா யாரையும் புகழ்கிற ஆளில்லை. நீ முதல் மார்க் வாங்கியபோதும் கையெழுத்துப் போட்டாரே தவிர வாய் திறக்கவில்லை. என் சமையலுக்கு மட்டும் கை கழுவப் போகும்போது பிரமாதம் என்று ஒரு சொல் சொல்வார். உப்பு தூக்கலான நாளில் அதுவும் வராது, பொய்யாக ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அடுப்படியில் நின்றிருக்கிறேன் என்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதமாக ஏன் சொல்வதில்லை என்று கேட்டால், வடமொழியில அதுக்குக் கவனக்குறைவு, தப்புன்னுதான் அர்த்தம், உன் சமையலைப் போய் தப்புன்னு சொல்வேனா என்கிறார். சரி, அருமை என்று சொல்லுங்களேன் என்றால், அருமைன்னா அரிதானது, தினம் வறுக்கிற மீனுக்கு எப்படிப் பொருந்தும் என்கிறார். ஜோர் என்றால் பலமாம், மீன் என்ன குஸ்திக்கா போகுது என்கிறார். உன்னையும் உன் அகராதியையும் நான் திட்டிய திட்டில் உனக்குப் புரையேறியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆத்திரத்தில் உப்பே போடாமல் மீனை வறுத்து வைத்தேன், திட்டவாவது வாயைத் திறக்கட்டும் என்று. மனிதர் முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு இன்னொரு துண்டு வை என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் பால் காந்தி வாசல்வரை நாற்றம், அவரோ அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் அவர் மூக்கையும் நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறது. ருசி தெரியாமல் பிரமாதம் என்று சொல்ல மனசு வரவில்லை, ருசி தெரியவில்லை என்று சொன்னால் நான் அழுவேன் என்று பயம், அதனால் அகராதிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார். நான் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் திரும்பி நின்று அழுதேன்.

டாக்டரைத் தனியாகக் கேட்டேன், மெதுவா வரும்மா, சில பேருக்கு மாசக்கணக்காகும் என்றார். நேற்று அப்பா பக்கத்திலேயே தட்டு வைத்து உட்கார்ந்து, ஒரு வாய் தின்று, நானே பிரமாதம் என்றேன். ஏறிட்டுப் பார்த்து, அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்றியா என்றார். தெரியும், நீங்க ஏன் சொல்றதில்லைன்னும் தெரியும் என்றேன். பக்கத்தில் இருந்த அகராதியை மூடித் தள்ளிவைத்தார். பிறகு, அப்போ எனக்கும் சேர்த்து நீயே சொல்லு, நான் கேட்டுக்கிட்டே சாப்பிடறேன் என்றார்.

போனில் பேசும்போது இதெல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, ஏதாவது ஒரு சொல்லுக்கு மூலம் கேள், குளிர்ந்துபோவார். அடுப்பில் பால் வைத்தால் பக்கத்திலேயே நில். இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா